லூசியா அன்ரி ஞாயிற்றுக்கிழமை தைக்கவில்லை

நீங்கள் லூசியா அன்ரியை அறிந்தவராக இருந்தால் மட்டும் இதை மேலே வாசியுங்கள். வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டாலும் சரி, வேறு யாருக்கும் காட்டாதீர்கள். அரசாங்கக் கந்தோர்க்காரருக்கு வேண்டாம், இயக்கப் பொடியன்மாருக்கு வேண்டாம், எங்கள் வாப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். எல்லாரும் படுத்த பிறகு குப்பி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

புதன்கிழமை அஸர் தொழுகை நேரம் வேலிக்கு அந்தப் பக்கம், அன்ரி வீட்டில், அழுகைச் சத்தம் கேட்டது. உம்மா களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். சீனி வருத்தம் கூடிக் கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்த அன்ரி முடிந்துபோனார். மறுநாள் பெட்டியைத் தூக்கும்போது வேலியோரம் நின்ற ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகச் சொன்னாள்: “கொடிக்காக ஆண்டவர விட்டவ. இப்ப கொடியா வந்து தூக்குது?” மற்றவள், “செத்தவள விடு” என்றாள். மறுத்துச் சொல்லவில்லை.

அது பொய். பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்ரி போர்த்துக்கேய வழி வந்த பறங்கியர். தையல்காரி. அண்ணன்மார் இரண்டு பேரும் அவுஸ்திரேலியாவுக்குப் போய், வா வா என்று கடிதம் எழுதினார்கள். இவர் போகவில்லை. ஒவ்வொரு தை மாதமும் பள்ளிக்கூடங்களுக்குத் தேசியக் கொடி தைப்பார். துணியில் கத்தரி வைக்குமுன் அதை இயேசு படத்துக்கு முன்னால் விரித்து, முழங்காலில் நின்று செபிப்பார். நான் வேலி இடுக்கில் காது வைத்துக் கேட்பேன். ஆளுகிறவர்களுக்குப் புத்தி கொடு, நாடு உன்னை மறக்க விடாதே என்பதெல்லாம் தமிழில் இருக்கும். பிறகு எனக்கு விளங்காத பறங்கிப் பாஷைக்கு மாறிவிடுவார். ஏன் இரண்டு பாஷை என்று ஒரு நாள் கேட்டேன்.

“நாட்டுக்காகக் கேக்கிறது எல்லாருக்கும் விளங்கட்டும் புள்ள. என்ட சங்கதி அவருக்கு மட்டும் விளங்கினாப் போதும்.”

எனக்குக் கேள்விகள் அதிகம். கொடியில் சிங்கம் சிங்களவருக்கு, பச்சை எங்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். உங்களுக்கு எது என்று கேட்டேன். வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். “நான் நூல். நூல் வெளியில தெரிஞ்சா தையல் சரியில்ல எண்டு அர்த்தம்.” உங்களைக் கணக்கிலேயே எடுக்காத நாட்டுக்கு எதற்குச் செபம் என்று விடாமல் கேட்டேன். தேத்தண்ணி குடிக்கிறியா என்று கேட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் சுதந்திர தினம் திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமை பின்னேரம் கந்தோர்ப் பெரிய கிளாக்கர் வந்தார். மெயின் வீதிக் கடைகள் எல்லாம் கொடி கட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு, திங்கள் விடிய முப்பது கொடி வேண்டும் என்றார். கொடி தொட்டால் நடப்பது வேறு என்று பொடியன்மார் கடைக் கதவுகளில் கடிதம் ஒட்டியிருந்த நேரம் அது. எங்கள் வாப்பாவின் ஜவுளிக்கடைக் கதவிலும் ஒட்டியிருந்தார்கள். அன்ரி மறுக்கவில்லை. கொடி தைப்பது தன் நாட்டு வேலை என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மிஷின் மிதிக்க மாட்டேன் என்றார்.

“நாட்ட விடப் பெரிசா உங்கட ஞாயிறு?” என்று கிளாக்கர் கேட்டார்.

“நாட்டத் தந்தவர்ட நாள் ஐயா அது. அவரப் பின்னுக்குத் தள்ளிப்போட்டுக் கட்டினா, கம்பத்தில தொங்கிறது வெறும் துணி.”

திங்கட்கிழமை ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அன்ரி அன்று நடுச்சாமம் வரை பதினெட்டுத் தைத்தார். ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போனார். வழமையாக அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு இருட்டத்தான் வருவார். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

எங்களுக்குப் பெரிய நாள் வெள்ளிக்கிழமைதானே, ஞாயிறு தைத்தால் எனக்கு என்ன குற்றம் என்று யோசித்தேன். உம்மா சாய்ந்தமருதில் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். வேலிக்குள் நுழைந்து மிச்சம் பன்னிரண்டையும் எடுத்து வந்து உம்மாவின் மிஷினில் தைத்தேன். சிங்கம் அச்சடித்த துண்டு தயாராக இருந்தது. கோடுகளைப் பொருத்திக் கரை பிடிப்பதுதான் வேலை. “முதல் பச்சை, பிறகு செம்மஞ்சள்” என்று அன்ரி சொல்வது மனப்பாடம். ஓதப் பள்ளியில் குர்ஆனை வலமிருந்து இடம் படித்துப் பழகிய கண், முதல் என்றதை வலப்பக்கமிருந்து எண்ணிவிட்டது. பச்சையைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பத்துப் பக்கம் செம்மஞ்சள் வந்தது. பன்னிரண்டும் பிழை. பிழை என்று தெரியாமலே அவற்றைக் கூடையில் கொண்டுபோய் வைத்தேன். அன்ரி வந்து விளக்கு வெளிச்சத்தில் தைத்து முடிந்திருப்பதைக் கண்டு, களைப்பில் யார் தைத்தது என்று கேட்காமல், விரித்துப் பார்க்காமலே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

திங்கள் காலை கிளாக்கர் பன்னிரண்டையும் அன்ரி வீட்டு முற்றத்தில் எறிந்தார். தெரு கூடிவிட்டது. இதற்கு யார் பொறுப்பு என்று கத்தினார். நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். அன்ரி ஒரு கொடியை எடுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

“என்ட வீட்டிலிருந்து வந்த வேலை. பொறுப்பு நான்.”

கூட்டத்தில் நின்ற கோயில்காரப் பெண் ஒருவர் முன்னால் வந்தார். “அப்ப நேத்துப் பகல் கேட்ட மிஷின் சத்தம் உன்டதுதானா லூசியா? எங்களுக்கெல்லாம் ஞாயிறு ஞாயிறு எண்டு சொல்லிப்போட்டு?”

அன்ரி குனிந்து மற்றக் கொடிகளையும் பொறுக்கினார். கொடிகளை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு கந்தோர் வேலை அவருக்கு வரவில்லை. கோயிலில் முன் வாங்கில் உட்கார்ந்து செபித்தவர் கடைசி வாங்குக்குப் போனார். ஆண்டவரை முன்னுக்கு வைத்த ஒரு ஆளை ஆண்டவரின் வீட்டில் பின்னுக்கு இருத்துவது எப்படி முடிகிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

“உன்ட உம்மாட மிஷின் நூல் இழுக்கும், தொட்ட உடனே தெரிஞ்சுது” என்றார். “வாப்பாட கடைக் கதவில ஒட்டின கடிதத்த மறந்திட்டியா? கொடி தைச்சது நீ எண்டு உன்ட பேர் வெளியில போனா உன்னக் காப்பாத்த எனக்கு ஏலாது. என்ட பேர அவர் பாத்துக்கொள்ளுவார்.”

நாட்டை விட ஆண்டவரைப் பெரிதாக வைத்தவர், தன் நல்ல பெயரை விட என்னைப் பெரிதாக வைத்தார். இரண்டும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்ததா? கேட்க ஆள் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மௌனம். இரண்டு வருடம் அதற்குள் ஒளிந்திருந்தேன். இனி அதை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. நீங்கள் கோயிலில் யாரிடமும் எதுவும் கதைக்க வேண்டாம். உங்கள் மனதில் மட்டும் அவரை அந்த முன் வாங்கில் திரும்ப இருத்திவிடுங்கள். பெயர் போடாமல் விட்டால் நம்ப மாட்டீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மிஷின் மிதித்தது நான். என் பெயர் சித்தி பரீதா. அவர் ஒரு நாளும் ஞாயிற்றுக்கிழமை

இந்தச் சாமத்தில் தெருக் கதவைத் தட்டுகிறார்கள்.