பூங்கா ஒலிபெருக்கியில் பிலோமினா

தோழிகளே, இதை நம் வகுப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று மாலை பூங்கா ரேடியோவில் திருச்சிச் செய்தி முடிந்ததும், ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணி அண்ணன் வழக்கம்போல ஒலிபெருக்கியில் ஊர்ச்செய்தி வாசித்தார்.

"விழிதியூர்ல வாந்திபேதி. தண்ணிய காய்ச்சிக் குடிங்க. பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒண்ணு தவறிடுச்சு."

அது நம் பிலோமினா. காலையில்தான் அவளுக்காக ஜெபித்தோம்.

அடுத்து, கடலில் அலை அதிகமாம்.

அதற்கும் அடுத்து, நேற்று நான் எழுதிக் கொடுத்த செய்தி. "வெள்ளிக்கிழமை பள்ளி விழாவுல பிலோமினா பாட்டு."

பக்கத்தில் நின்றவர், "நல்லாப் பாடும்ங்க அந்தப் பொண்ணு, போவோம்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்து, "ஏம்மா, எத்தனை மணிக்குன்னு எழுதலியே?" என்று கேட்டார்.

"ஆறு மணிக்கு" என்றேன்.

கூட்டம் வந்துவிடும். உங்களில் யார் பாடப்போகிறீர்கள், சொல்லுங்கள்.