தொண்ணூற்றிரண்டாவது லெவல்

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகப் போர்வை மடிக்கிறாள். அவள் மடித்தால் நாலு முனையும் நூல் பிடித்த மாதிரி சேரும். ஆனால் நீராவியில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. சாமான் அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாயிற்று. பள்ளி இறுதித் தேர்வு முடித்திருந்தால்தான் கொடுப்பார்களாம். அவளுக்குப் பாக்கி அறிவியல் மட்டுந்தான், அதில் ஏற்கெனவே இரண்டு தடவை கவிழ்ந்தவள். இந்தத் தடவையும் போனால் அந்த நாற்காலி வேறு யாருக்கோ.

இந்த லட்சணத்தில் மகராசி என்ன செய்தாள் தெரியுமா? போனில் விளையாடினாள்.

கறுப்புத் திரையில் உருண்டை உருண்டையாகக் கிரகங்கள். ஒரு துக்கடா ராக்கெட்டை விரலால் இழுத்து விடவேண்டும். மெதுவாக விட்டால் கிரகத்தில் மோதிச் சாகும், வேகமாக விட்டால் திரையைத் தாண்டி ஓடிவிடும், அளவாக விட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். பஸ்ஸிலும் இதே, சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் இதே. நல்லதுக்குச் சொன்னால் இதுவும் பாடந்தான் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது, அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து அந்த விளையாட்டை அழித்தேன். தொண்ணூற்றிரண்டாவது லெவலில் இருந்தாள், அத்தனையும் போச்சு. பீடை ஒழிந்தது என்று நிம்மதியாகக் காய் நறுக்கினேன்.

குளித்து வந்தவள் போனைத் தடவித் தடவிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. பழைய போன், அதுவே தின்றுவிட்டது போல என்றாள். நான் நறுக்குவதை நிறுத்தவில்லை.

மறுநாள் சாயங்காலம் என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனாள். கையில் வீட்டிலுள்ள காலுறையெல்லாம் பந்து பந்தாக. எறியச் சொன்னாள். பாவம், குற்ற உணர்ச்சியில் எறிந்தேன். மெதுவாக எறிந்தது காலடியில் விழுந்தது. ஓங்கி எறிந்தது அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"இன்னும் வேகமா எறிஞ்சா இன்னும் தூரம் போகும்ல அக்கா? பூமி உருண்டை. அதுக்கேத்த வேகத்துல எறிஞ்சா, அது விழ விழத் தரையும் வளைஞ்சு விலகிட்டே போகும். விழுறது நிக்கவே நிக்காது, ஆனா தரையைத் தொடாது. அதான் ராக்கெட்டும் சுத்துது."

எனக்கு மண்டையில் ஏதோ திறந்த மாதிரி இருந்தது. காட்டிக்கொள்வேனா? காலுறையை யார் போய் எடுப்பது என்று கத்தினேன். ஆனாலும் ஆறு சாயங்காலம் நானே முதலில் மாடியேறினேன்.

பரீட்சை முடிந்து வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன். செயற்கைக்கோள் ஏன் பூமியில் விழுவதில்லை என்று ஒரு பெரிய கேள்வியாம். 'அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது' என்று ஆரம்பித்து, காலுறைக் கதையை முழுசாக எழுதி, மாடியில் நான் எறிவதுபோல் படமும் போட்டிருக்கிறாள். ஏன் விழவில்லை என்று கேட்டால் விழுகிறது என்று எழுதுவாளா ஒருத்தி? முடிவு வரும்வரை ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டை அழித்து அவள் பிழைப்பையும் அழித்துவிட்டேனே என்று தனியாக அழுதுகூட இருக்கிறேன்.

அறிவியலில் ஐம்பத்தெட்டு. தேறிவிட்டாள்.

அன்றைக்கே அந்த விளையாட்டை அவள் போனில் மறுபடி ஏற்றி, நீட்டினேன். முதல் லெவலிலிருந்துதான் தொடங்கியது. வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"அழிச்சது நீங்கதான்னு அன்னைக்கே தெரியும் அக்கா."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா சண்டை வரும். சண்டை வந்தா காலுறை எறிய எனக்கு யார் இருக்கா?"

போனை என் கையிலேயே திணித்துவிட்டு, சாமான் அறைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ராக்கெட்டை இழுத்துவிட்டேன். நேராகக் கிரகத்தில் போய் மோதியது.