அய்யனார் கோவில் நடை: வண்டியை ஓடையில் நிறுத்தாதீர்கள்

மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். ஜூனில் பள்ளி திறந்ததும் மறுபடி பாடம் நடத்தப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இரு என்பது கணவரின் கட்சி. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அய்யனார் கோவில். வனத்துறைச் சோதனைச் சாவடியிலிருந்து போகவர இரண்டரைக் கிலோமீட்டரை நான் நடந்துவிட்டால் வேலைக்குப் போவேன். முடியாவிட்டால் அவர் சொன்னபடி.

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை. எமகண்டம் கழியட்டும் என்று அவர் பிடித்த பிடியில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 3.05க்குத்தான் கிளம்பினோம். 23 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு ராஜபாளையத்தில் ஆட்டோ உண்டு; காத்திருந்து கூட்டி வர 600 ரூபாய் கேட்டார்கள்.

வண்டி நிறுத்த மூன்று இடங்கள். சாவடிக்கு 600 மீட்டர் முன்பு டீக்கடைத் திடல், காருக்கு 30 ரூபாய். சாவடி ஓரத்தில் நான்கு கார் நிற்கும். நாங்கள் போனபோது நிறைந்திருந்தது. மூன்றாவது, சாவடியை ஒட்டிய வறண்ட ஓடை. நிழல் உண்டு, காசு இல்லை.

"ஓடைக்குள்ள நிப்பாட்டாதீங்க சார், மேல மழை பெஞ்சா தண்ணி சொல்லிட்டா வரும்?" என்று திடலைத் தாண்டும்போதே எச்சரித்தார் டீக்கடை அக்கா.

"இவளால அம்புட்டு தூரம் நடக்க முடியாதும்மா" என்று சொல்லிக் கணவர் காரை ஓடைக்குள் இறக்கிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பாதை சுலபம்தான், ஓடைக்கு மேலே மேட்டில் போகிறது, ஏற்றம் குறைவு. ஆனால் முழுத் தூரமும் என் கையை விடவில்லை மனிதர். 4.45க்குக் கோவில். கும்பிட்டுத் திரும்பும்போது மலையுச்சி கருத்துக் கிடந்தது. வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்து கேட்டார்: "ஓடையில நிக்கிற வெள்ளைக் கார் யாரோடது? மேல நல்ல மழை."

"நீ இந்தப் பாறையில உக்காரு, ஆளை அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுக் கணவர் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

எட்டு மாதத்தில் முதன்முறையாக என் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். பிறகு கையோடு கொண்டுவந்த குச்சியை ஊன்றி எழுந்தேன்.

பாதி வழியில் அதே காவலர் திரும்பி வந்தார். "ஏறுங்கம்மா, சார் கூட்டியாரச் சொன்னாரு."

"பாதைக்குத் தண்ணி வருமா தம்பி?"

"இங்க வராதும்மா."

"அப்ப நடந்தே வாரேன். நீங்க பின்னாடி வாங்க."

சாவடியை அடைந்தபோது, கார் நின்ற இடத்தில் செம்மண் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. காரைக் காணோம். டீக்கடைத் திடலில் நிற்பதாகச் சாவடியில் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் இல்லாத 600 மீட்டர். அதையும் நடந்தேன்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: காலையில் போங்கள், எமகண்டம் பார்த்து மழையில் மாட்டாதீர்கள். போகலாமா என்று சாவடியில் கேட்டுவிட்டு நடங்கள், மழை பெய்தால் மூடிவிடுவார்கள். ஊன்றுகோல், தண்ணீர் பாட்டில் போதும். 30 ரூபாயைக் கொடுத்துத் திடலில் நிறுத்துங்கள்.

நான் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பேன்ட் முட்டிவரை ஈரம். என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். டீயை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஜூன்ல ஸ்கூலுக்கு ஆட்டோ பேசிரவா?"

"வேண்டாம். பஸ்ஸுல போய்க்கிறேன்."