இங்கரின் ரவைக்கோதுகள்

முதியோர் இல்ல வேலையில் பித்தளைக் கைப்பிடி ஒன்றைத் துடைத்துவிட்டு விரலை முகர்ந்தபோது, இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட இங்கரின் கொட்டில் நினைவுக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் டென்மார்க்கின் ஸ்கீவ நகருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு இங்கர் சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கிளப்பிலிருந்து, சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளை ரவைக்கோதுகளை வாளி நிறையக் கொண்டுவருவார். மருந்து நிரப்பி மறுபடி சுடக்கூடியவற்றை நானும் அவரும் கொட்டிலில் இருந்து குலுக்கிக் குலுக்கிப் பிரிப்போம். நல்லவை கிணுகிணுக்கும், கீறல் விழுந்தவை மொத்தென்று ஒலிக்கும்.

ஒருநாள் என்னைத் தேடிவந்த அம்மா வாசலிலேயே விறைத்துப்போனார். ஊரில் எங்கள் முற்றத்தில் இப்படிக் கோதுகள் கிடந்த மறுநாள்தான் நாங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டோம்.

“உதைக் கீழை போட்டிட்டு வா பிள்ளை!”

“அம்மா, இது விளையாட்டுக்கு. அவ கடதாசி மட்டையைத்தான் சுடுறவ.”

“மட்டையையோ?”

“ஓம். போன கிழமை அதிலையும் படேல்லையாம்.”

அம்மா சிரித்துவிட்டார். டென்மார்க் வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். நான் டேனிஷில் சொன்னதும் இங்கரும் வெட்கத்தோடு சிரித்தார். பிறகு அம்மா வாளியருகே குந்தி, சந்தையில் சட்டி வாங்குகிறவர்போல ஒவ்வொரு கோதாகத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை என்னை எழுப்பியதே அவர்தான்.

“எழும்பு பிள்ளை, இங்கர் வந்திட்டா.”