வைஃபைக்குக் காவல் நின்ற புனிதர்கள்

கடந்த சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரம்தான். நாயாற்றிலிருந்து ஜசிந்தாவின் அழைப்பு.

"அண்ணை, நெற்வேர்க் கேக்கிற இடம் வரைக்கும் வடிவாப் போகுது. அதுக்குப் பிறகு பொத்தெண்டு விழுந்து, திரும்ப முதலில இருந்து தொடங்குது. ராத்திரி முழுக்க உதே கதைதான்."

ஜசிந்தா என் பள்ளித்தோழன் றொபேட்டின் மனைவி. றொபேட் கடற்றொழில் செய்பவன். அவளோ கோயிலடி முன்பள்ளியில் ஒன்பது வருடங்களாக உதவியாளர். டிப்ளோமா இருந்தால்தான் ஆசிரியை ஆகலாம். அந்த டிப்ளோமாவின் கடைசிப் பரீட்சை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு — ஒன்லைனில்.

போன தடவை கைத்தொலைபேசியில் எழுதினாள். பாதியில் திரை உறைந்தது. எழுதிய விடைகள் போய்ச் சேரவில்லை. இந்த முறை கணினி கட்டாயம் என்று அறிவித்துவிட்டார்கள். அவளிடம் இருந்த பழைய மடிக்கணினியின் இயங்குதளமோ வெள்ளிக்கிழமை மாலை உயிரை விட்டது. பென்ட்றைவில் இருந்த ஓர் இலவச இயங்குதளத்தைத் தானே நிறுவிப் பார்த்திருக்கிறாள். அதை நிறுவும் மென்பொருளான நிறுவிதான் விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது.

"வாறன். ஒண்டையும் தொடாதேங்கோ," என்றேன்.

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன். மாற்றியதை எழுதுவேன். அடுத்ததற்குப் போவேன். குழாய் ஒழுகினால் சுத்தியலுக்கு முன்னால் அளவுகோலைத் தேடுகிற ஆள் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் என்ன பிழை?

வட்டக்கச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியபோது, றொபேட் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என் பையைத் திறந்து பார்த்தான். கேபிள்கள் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்ததைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

"ஜசிந்தா, இஞ்ச வந்து பார். வயருக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துக் கொண்டு வந்திருக்கிறான்."

நான் மடிக்கணினியைத் திறந்தேன். வேலையைத் தொடங்கினேன்.

மொழி, விசைப்பலகை, அடுத்தது நெற்வேர்க். பட்டியல் வரப்போகிறது என்று பார்த்தால், திரை ஒரு கணம் கறுத்தது. மறுபடி முதலாம் பக்கம்.

பென்ட்றைவை மாற்றினேன். அதே இடத்தில் விழுந்தது. நான் கொண்டுபோன புதிய பிரதியைப் போட்டேன். அதே இடம். நினைவகத்தைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அதே...

"மச்சான், எஞ்சின் ஸ்டார்ட் வராட்டி நாங்கள் ரெண்டு தரம் இழுப்பம். மூண்டாம் தரம் திறந்து பார்ப்பம். நீ காலமை தொடக்கம் இழுத்துக்கொண்டே நிக்கிறாய்," என்றான் றொபேட்.

"நீங்கள் சும்மா இருங்கோப்பா! அண்ணை யோசிக்கிறார்," என்றாள் ஜசிந்தா. கையில் பாடக்குறிப்புகள். கண் மட்டும் சுவர் மணிக்கூட்டில். எனக்கென்று கொண்டுவந்த மூன்றாவது தேநீரைத் தானே குடித்துவிட்டுப் போனாள்.

அதைப் பார்த்தபிறகுதான் எனக்கும் பயம் பிடித்தது.

அடுத்த முறை விழும்போது, கறுப்பதற்கு முன் ஒரு கணம் தோன்றும் பிழைச் செய்தியைத் தொலைபேசியில் வீடியோ எடுத்தேன். நிறுத்தி வாசித்தேன். கிடைத்த நெற்வேர்க்குகளின் பெயர்களை வாசிக்கும் இடத்தில்தான் அது விழுகிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்... வரிசையாகக் கட்டங்கள். வாசிக்கத் தெரியாத எதையோ கண்டு மிரண்டிருக்கிறது!

"ஜசிந்தா, உங்கட வைஃபைக்கு என்ன பேர் வைச்சிருக்கிறியள்?"

"அந்தோனியார் துணை," என்றாள். "தமிழில. பக்கத்தில ஒரு சிலுவையும் போட்டிருக்கு."

வேறென்ன பெயர் இருக்கப் போகிறது? அந்தக் கரையில் ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால் முதலில் அதை ஒரு புனிதரிடம் பாரம் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. படகில் எழுதுவார்கள். ஓட்டோவில் எழுதுவார்கள். ஐஸ் பெட்டியிலும் எழுதியிருக்கக் கண்டிருக்கிறேன். மொடெம் மட்டும் என்ன பாவம் செய்தது? வீடு மந்திரிக்க வந்த சுவாமியார் அதற்கும் இரண்டு துளி தீர்த்தம் தெளித்தாராம்.

"கொஞ்ச நேரத்துக்குப் பேரை மாத்துவமே, றொபேட்? இங்கிலிசில என்னவாவது..."

"நடுக்கடலில வைச்சுப் படகில இருக்கிற பேரை அழிக்கச் சொல்லுறாய் நீ. உன்ர வீட்டு லைனுக்கு என்ன பேர்?"

"ரெண்டு எழுத்தும் நாலு இலக்கமும்."

"அதுதான் அடிக்கடி விழுகுது!"

சரி, பெயர் இருக்கட்டும், மொடெமை நிறுத்துவோம் என்றேன். நிறுத்தினான். வெற்றிப் புன்னகையோடு மறுபடி தொடங்கினேன். மொழி... விசைப்பலகை... நெற்வேர்க்...

விழுந்தது.

வீடியோவில் இப்போது வேறு கட்டங்கள். முன்னதைவிட நீளமான வரிசை.

ஜசிந்தா வேலிக்கு ஓடினாள். "ரெஜினா அக்கா! உங்கட வைஃபைக்கு என்ன பேர்?"

"மடு மாதா துணை! ஏன் பிள்ளை, பாஸ்வேட் வேணுமே?"

எதிர்வீட்டில் செபஸ்தியார் காவல். மூலை வீட்டில் சவேரியார். அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு புனிதர்கள் விழித்திருந்து காவல் காக்கிறார்கள். அதற்குள் என் நிறுவிக்கு நுழைய வழியில்லை. மடிக்கணினியில் வைஃபையை அணைக்கும் விசையோ எப்போதோ கழன்று போயிருந்தது.

எல்லா வீட்டிலும் மொடெமை நிறுத்தச் சொல்லலாமா? ஜசிந்தா கேட்டும் பார்த்தாள். "ஒன்லைனில கிரிக்கெட் மச் ஓடுது, முடியட்டும் பிள்ளை, ரெண்டு விக்கெற்தான் கிடக்கு," என்றார் ரெஜினாவின் கணவர். அந்த இரண்டு விக்கெற் எப்போது விழும் என்று யார் சொல்ல முடியும்?

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஜசிந்தா விறாந்தைக் கதிரையில் இருந்துவிட்டாள். "விடுங்கோ அண்ணை. அடுத்த வருசம் பாப்பம்," என்றாள். குரலில் அழுகையே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

றொபேட் வலையைக் கீழே போட்டான். "ஏன் மச்சான், உந்த வைஃபை கடற்கரை வரைக்கும் வராதுதானே? அங்க நான் போன் கதைக்கவே தென்னையில ஏற வேணும்."

என் ஒழுங்குமுறையில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தேன். இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை.

படகுகள் இழுத்துப் போட்டிருந்த மணலுக்கு ஓடினோம். வெயிலில் திரை தெரியவில்லை. படகுக்குள் ஏறி, தலைக்கு மேல் படகை மூடும் படங்கை இழுத்துப் போட்டு, அதற்குள் நானும் அவனும் குந்தினோம். ஜசிந்தா வெளியே நின்று படங்கின் ஓரத்தைக் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துக்கொண்டே பாடக்குறிப்பு வாசித்தாள்.

"படகிலயும் அந்தோனியார் எண்டு எழுதிக் கிடக்கு. உன்ர பெட்டி அதையும் வாசிக்குமே?" என்று றொபேட் காதுக்குள் கேட்டான். சிரித்தால் மடிக்கணினி ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வழியில் போன ஒருவர் நின்றார். "என்ன றொபேட், உள்ளுக்கு சுறாவே?"

"இல்லையண்ணை. மனிசியின்ர டிப்ளோமா."

நெற்வேர்க் பக்கம் வந்தது. பட்டியல் வெறுமை. நிறுவி ஒருகணம் தயங்கியது... தாண்டிப் போனது! பற்றரி சிவப்புக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வேலையும் முடிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மொடெமைப் போட்டோம். இனி என்ன ஆகுமோ என்று மூவரும் திரையைப் பார்த்தோம். அந்தோனியார், மாதா, செபஸ்தியார், சவேரியார் — எல்லாரும் சிலுவை முதற்கொண்டு அழகான தமிழில் வரிசையாக வந்து நின்றார்கள். நிறுவ வந்ததற்குத்தான் தமிழ் தெரியாது. நிறுவப்பட்டதற்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அலுவலகங்களிலும் இப்படித்தானே? வாசலில் நிற்பவரைத் தாண்டுவதுதான் பாடு. உள்ளே இருப்பவர் அநேகமாக நல்ல மனிதராகத்தான் இருப்பார்.

இரண்டு மணிக்கு ஜசிந்தா கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் றொபேட்டும் விறாந்தையில், கதைத்தால் உள்ளே கேட்கும் என்று வலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பொத்திக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. முகத்தில் சிரிப்பு.

"எல்லாம் போய்ச் சேந்திட்டுதாம் அண்ணை. திரையில காட்டினது. ஒரு கேள்வி மட்டும் உங்களை நினைச்சுத்தான் எழுதினன்."

"என்ன கேள்வி?"

"ஒரு பிள்ளை பிழையான முறையிலேயே திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டிருந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேணும் எண்டு."

றொபேட் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"நீங்கள் என்ன எழுதினீங்கள்?"

"ஏசக் கூடாது. பக்கத்தில இருந்து குடிக்க ஏதாவது குடுக்க வேணும். அப்பவும் சரிவராட்டி, மெல்ல வெளியில காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும்."

இந்த விடைக்கு முழுப் புள்ளி கொடுக்காவிட்டால், மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கப் போவது நான்தான்.