கார்டில் இருந்த ஒரே எண்

அபிராமபுரத்தில் இருக்கும் என் பல் கிளினிக்குக்கு ஒருவர் மென்பொருள் விற்க வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை; பையில் நான்கு செல்போன்கள். பேச்சுக்கு நடுவே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய மென்பொருளை மெசேஜ் ஆப்போடு இணைத்துவிட்டால், நோயாளிகளுக்கு நினைவூட்டல் தானாகப் போய்விடுமாம்.

“ஆப் கம்பெனி இதுக்கு பர்மிஷன் குடுத்திருக்காங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல டாக்டர். கண்டுபுடிச்சா நம்பரை பிளாக் பண்ணிடுவாங்க. கேஸ்கூட போடலாம்.”

“யார் நம்பரை?”

“உங்க நம்பரைத்தான். அதனால கிளினிக் நம்பரைக் குடுத்துடாதீங்க, புதுசா ஒரு சிம் வாங்கிக்கோங்க.”

இருபது வருடமாக என் போர்டில் இருக்கும் எண் அது. விற்க வந்தவரே அதைக் காப்பாற்றச் சொல்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

“நோயாளிங்க விவரமெல்லாம் யார்கிட்ட இருக்கும்?” என்றேன். அவர் குனிந்து போனைப் பார்த்தார்.

நான் வாங்கவில்லை. அவர் நல்லவரா, கெட்டிக்காரரா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. போகும்போது விசிட்டிங் கார்டு ஒன்றை நீட்டினார். நான்கு போன் வைத்திருந்தவரின் கார்டில் ஒரே ஒரு எண்தான் அச்சாகியிருந்தது. அது லேண்ட்லைன்.