பெயர்நாளுக்குத் திறந்த பெட்டி

பல்கேரியாவின் ஸ்லிவென் ஊரில் நெவெனா எடுக்காத கல்யாணப் படம் குறைவு. இத்தனை ஆண்டுப் படங்களும் வீட்டு அலமாரியில் உறுமிக்கொண்டிருந்த பழைய கணினிச் சேமிப்புப் பெட்டியில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் இருந்ததால் அதுவே போதும் என்றிருந்தாள்.

அவளுடைய வயிற்றெரிச்சலுக்குப் பெயர் கின்கா. கணவன் மித்கோவின் அக்கா. கேமராவை நேராகப் பிடிக்கத் தெரியாதவள், புதுப் பெட்டி ஒன்று வாங்கி, சொந்தக்காரர்கள் அவரவர் கைபேசியில் பார்க்கும்படி படங்களை வைத்தாள். ஈஸ்டர் விருந்தில் பேச்சே அதுதான்.

அக்டோபரில் மித்கோவின் பெயர்நாள், அவன் பெயருள்ள புனிதரின் திருநாள், நெருங்கியது. தன் பெட்டியையும் அப்படி வெளியே தெரியவைக்க முடியுமா என்று கணினி பழுதுபார்க்கும் ஓக்னியானைக் கேட்டாள்.

"வேண்டாம் நெவெனாக்கா. இந்த மாடலைக் கம்பெனியே கைகழுவி வருஷக்கணக்காச்சு. ஓட்டை தெரிஞ்சாலும் அடைக்க ஆளில்ல. வீட்டுக்குள்ளயே கிடக்கட்டும்."

"பாஸ்வேர்டு போட்டிருக்கேன்ல?"

"சுவரே ஓட்டைங்கறேன், நீ பூட்டைக் காட்டுற."

"கின்கா சொல்லிக் குடுத்தாளா?"

ஓக்னியான் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

பெயர்நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. கதவைத் திறந்துவைத்தால் வருகிறவர்கள் வருவார்கள். படத்துக்கு மட்டும் என்ன என்று, ரூட்டரில் இணையத்திலிருந்து பெட்டிக்கு வரும் வழியைத் தானே திறந்துவிட்டாள். அன்று ராக்கியா மதுக் கோப்பையும் கையுமாக எல்லாரும் நெவெனாவின் படங்களையே பார்த்தார்கள். கின்காவின் முகம் சுண்டியது. பெயர்நாள் முடிந்தும் வழியை மூட நெவெனாவுக்கு மனம் வரவில்லை; பாராட்டு இன்னும் வந்துகொண்டிருந்ததே.

செப்டம்பரில் கல்யாணமான ரலித்சா ஒருநாள் கூப்பிட்டாள். "அக்கா, எங்க படம் ஒண்ணுமே தெரியலையே? நீங்க இன்னும் ஆல்பம்கூடத் தரலையே!"

பெட்டியில் எல்லாக் கோப்புறையும் காலி. ஓக்னியான் நெடுநேரம் குடைந்துவிட்டு நிமிர்ந்தான். "வந்தவன் பாஸ்வேர்டையே கேக்கல. ஓட்டை வழியா நுழைஞ்சு துடைச்சிட்டான். ரெண்டாவது வட்டு முதல் வட்டைப் பாத்து எழுதுறதுதானே? இதுல அழிஞ்சா அதுலயும் போச்சு."

சேதி கேட்டு கின்கா ஒரு வட்டோடு வந்தாள்.

"உன்னுதுலேர்ந்து கொஞ்சம் இறக்கி வச்சிருந்தேன்."

"எல்லாமா அண்ணி?"

"நான் இருக்கறது மட்டும். மத்தவங்க மூஞ்சி எனக்கெதுக்கு?"

ரலித்சாவின் கல்யாணத்தில் மணத்துக்குச் சாட்சி நிற்கும் சாட்சித்தாயாக மணமக்கள் பக்கத்தில் நின்றவள் கின்கா. ஆகவே அந்தக் கல்யாணம் கொஞ்சம் தப்பியது. மற்றவை போனது போனதுதான். கின்காவை வெட்டியெடுக்க நெவெனா எவ்வளவோ பார்த்தாள். ஒவ்வொரு படத்திலும் அவள் கை மணப்பெண்ணின் தோளைவிட்டு இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே ரலித்சாவுக்கு அனுப்பினாள்.

"ரொம்ப அழகா இருக்குக்கா! கின்காக்கா வட்டுல இருந்ததாமே, அவங்க எடுத்ததா?"

"அவ நின்னா. எடுத்தவ நான்டி!"